பாட்டு எத்தனை கட்டை?

துறையூரில் ஒரு வீடு. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேரனுக்கு, திருச்சிக்குப் போன அப்பா ஒரு மவுத் ஆர்கன் வாங்கி வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தாத்தாவுக்கு அடுத்த மாதம் சதாபிஷேகம். அன்றைக்கு அவருக்குப் பிடித்த பாட்டை வாசித்து அசத்திவிட வேண்டும் என்று பேரனுக்கு ஆசை. போனில் பாட்டை ஓடவிட்டுக் கூடவே ஊதுகிறான். ஒட்டவில்லை. ஒரு வாரம் ஊதியும் ஒட்டவில்லை. "எனக்குக் காது சரியில்ல போல" என்று டப்பாவில் வைத்து மூடிவிடுகிறான்.

இப்படி மூடிய டப்பாக்கள் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் தூங்குகின்றன. பெரும்பாலும் குற்றம் காதில் இல்லை. பாட்டு ஒரு சுருதியில் இருக்கிறது, கருவி வேறொரு சுருதியில் இருக்கிறது. அவ்வளவுதான்.

"பாட்டி, இந்தப் பாட்டு என்ன கீ?"

"கீயா? எத்தனை கட்டைன்னு கேளுடா."

பாட்டி சொல்வதும் அதேதான். ஹார்மோனியத்தில் சி என்பது 1 கட்டை, டி 2, இ 3, எஃப் 4, ஜி 5, ஏ 6, பி 7. நடுவில் வரும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. மூன்றரை கிடையாது, இ-க்கும் எஃப்-க்கும் நடுவில் கறுப்புக் கட்டையே இல்லையே! ஆக மொத்தம் பன்னிரண்டு சுருதிகள். எந்தப் பாட்டாக இருந்தாலும் இந்தப் பன்னிரண்டில் ஒன்றுதான்.

கண்டுபிடிக்கப் பாட்டின் முதல் ஸ்வரத்தைப் பிடிக்கக்கூடாது. எல்லாரும் வழுக்கி விழுவது இங்கேதான். எத்தனையோ பாட்டுகள் ஸட்ஜத்தில் தொடங்குவதில்லை. பல்லவி முடிந்து பாட்டு எங்கே வந்து நிம்மதியாக உட்காருகிறதோ, அந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். பாட்டை அங்கே நிறுத்திவிட்டு, அந்த ஸ்வரத்தை வாய் மூடி முனக வேண்டும். பிறகு போனில் சுருதிப் பெட்டி செயலியைத் திறந்து கட்டை கட்டையாக மாற்றிப் பார்க்கலாம். முனகலும் சுருதியும் ஒன்றில் ஒன்று கரைகிற இடம்தான் பாட்டின் சுருதி.

இதிலும் ஓர் ஏமாற்று உண்டு. 5 கட்டைப் பாட்டுக்கு 1 கட்டை வைத்தாலும் ஓரளவு இனிமையாகவே கேட்கும். 1 கட்டையின் பஞ்சமம்தான் 5 கட்டையின் ஸட்ஜம் என்பதால் வரும் மயக்கம் அது. சந்தேகம் வந்தால் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்து, பல்லவியை முழுதாகப் பாடிப் பார்த்தால் தெளிந்துவிடும்.

சரி, பாட்டு 5 கட்டை, கையில் இருப்பது 10 துளை கொண்ட சி மவுத் ஆர்கன். புதிதாக ஒன்று வாங்க வேண்டுமா? எப்போதும் வேண்டாம். அதன் நடு ஸ்தாயியை 4-ஆம் துளையிலிருந்து வாசித்தால் சங்கராபரணம் வரும். அதே ஸ்வரங்களை டி-யிலிருந்து தொடங்கினால் கரகரப்ரியா, எஃப்-இலிருந்து கல்யாணி, ஜி-யிலிருந்து ஹரிகாம்போதி, ஏ-யிலிருந்து நடபைரவி. கச்சேரியில் வித்வான்கள் செய்து காட்டுகிற கிரக பேதம்தான் இது! மோகனம் இன்னும் தாராளம்: 1, 4, 5 கட்டை மூன்றுக்கும் அதே கருவி போதும். ஐந்து கட்டை மோகனத்துக்கு 6-ஆம் துளையை ஊதித் தொடங்க வேண்டும். 7-ஆம் துளையில் மட்டும் கவனம்: அதுவரை முதலில் ஊதல், பிறகு உறிஞ்சல் என்று ஏறி வந்தது, அங்கே தலைகீழாகிவிடும்.

தாத்தா கேட்டதோ பாகவதர் பாட்டு. எம்.கே.தியாகராஜ பாகவதர் மாயவரத்தில் பிறந்திருந்தாலும் வளர்ந்தது திருச்சியில். அந்த உரிமையில் இந்தப் பக்கத்துத் தாத்தாக்களுக்கு அவர் நம்ம ஊர்க்காரர். அவர் காலத்துப் பாட்டுகள் நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் இசைத்தட்டில் வந்தவை. தட்டு நாலரைச் சுற்று மெதுவாக ஓடினாலே சுருதி அரைக் கட்டை இறங்கிவிடும். இரண்டு சுற்று பிசகினால் பாட்டு இரண்டு கட்டைகளுக்கு நடுவே தொங்கும். அப்படிப் பிசகிய பதிவு இணையத்துக்கு வந்திருந்தால் எந்தச் சுருதிப் பெட்டியும் ஒட்டாது. பேட்டரி தீர்ந்த டேப் ரெக்கார்டரில் பாட்டு இழுத்ததைக் கேட்டவர்களுக்கு இது புரியும். இதற்கும் வழி உண்டு. வேகம் மாறாமல் சுருதியை மட்டும் ஏற்றி இறக்குகிற செயலிகளில் பாட்டைக் கொஞ்சம் நகர்த்தி, கருவியோடு சேர்த்துவிடலாம்.

ஆனால் தாத்தா கேட்டது 1944-இல் வந்த 'ஹரிதாஸ்' படத்தின் சாருகேசிப் பாட்டு. சாருகேசிக்குத் தேவையான தைவதமும் நிஷாதமும் சங்கராபரணத்தில் உள்ளவை அல்ல. கிரக பேதம் செய்தாலும் கிடைக்காது. சுருதியைச் சரியாகப் பிடித்தாலும் பேரனின் மவுத் ஆர்கனில் இரண்டு ஸ்வரம் குறையும். பக்கவாட்டில் பொத்தான் வைத்த குரோமாட்டிக் வேண்டும். பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு ஸ்வரமும் அரைக் கட்டை ஏறும், விலையும் ஏறும்.

"அந்தப் பாட்டு அடுத்த வருஷத்துக்கு இருக்கட்டும்" என்கிறார் பாட்டி. தாத்தாவுக்குப் பிடித்த மோகனப் பாட்டு எது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்க, பேரன் டப்பாவைத் திறந்து 6-ஆம் துளையைத் தேடுகிறான்.