ஏழாம் நம்பர் பெட்டுக்கு ஒரு பெயர் உண்டு

கேட் கிரேஞ்சர் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் முதியோர் நல டாக்டர். 2011-ல், 29 வயதில், அவருக்கு அரிய வகைப் புற்றுநோய் என்று தெரிந்தது. 2013 ஆகஸ்டில் கிருமித்தொற்றோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒன்றைக் கவனித்தார். வருகிறார்கள், ஊசி போடுகிறார்கள், கெட்ட செய்திகூடச் சொல்கிறார்கள். ஆனால், பெரும்பாலானவர்கள் தன் பெயரைச் சொல்வதே இல்லை. அவரைத் தள்ளுவண்டியில் கூட்டிப்போன ஊழியர் மட்டும் பெயர் சொல்லிப் பேசினார். மற்றவர்களுக்கு அவர் 'ஏழாம் நம்பர் பெட்'!

நேற்றுவரை கட்டிலின் அந்தப் பக்கம் நின்றவர் அல்லவா? சுருக்கென்றிருக்கும். 'ஹலோ, என் பெயர்...' என்று ஆரம்பியுங்கள் என ஓர் இயக்கமே தொடங்கினார். பிரிட்டன் முழுக்க ஆஸ்பத்திரி ஊழியர்கள் அந்த வாசகத்தைச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். 2016-ல், 34 வயதில் கேட் இறந்துபோனார்.

பெயர் சொல்வதை எல்லாமா காலேஜில் சொல்லித்தர வேண்டும்? தர வேண்டியிருக்கிறது. 1984-ல் அமெரிக்காவில் பெக்மேன், ஃபிராங்கெல் என்ற இருவர் 74 சந்திப்புகளை ஆராய்ந்தார்கள். நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 விநாடிகளில் டாக்டர் குறுக்கிட்டுவிட்டார். சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லி முடித்தவர்கள் நூற்றுக்கு 23 பேர்தான்.

நம்மூரில் அந்த 18 விநாடியில் என்ன நடக்கும்? 'நெஞ்சுல வாய்வு புடிச்சிருக்கு சார்' என்பார் ஒரு பெரியவர். அதோடு நிறுத்தினால் கேஸ் மாத்திரையோடு வீட்டுக்குப் போவார். 'எப்போ வருது ஐயா?' என்று கேட்டு, இன்னும் கொஞ்ச நேரம் காது கொடுத்தால், 'மாடிப்படி ஏறினா வருது, உக்காந்தா போயிடுது, இடது கையும் கடுக்குது' என்று வெளியே வரும். அது வாய்வு இல்லை, இதயம் தரும் எச்சரிக்கையாக இருக்கலாம். கனிவாகக் கேட்பதை நல்ல குணம் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறோம். நோயைக் கண்டுபிடிக்கும் வேலையில் பாதி அதுதான்.

இதைக் கற்றுத்தர 1963-லேயே ஒரு வழி கண்டார் ஹோவர்ட் பேரோஸ். தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் நரம்பியல் டாக்டர். ஓவியர்களுக்கு மாடலாக நிற்கும் ஒரு பெண்ணை நோயாளியாக நடிக்கப் பழக்கி, மாணவர்களைப் பரிசோதிக்க அனுப்பினார். 'சினிமாக்காரன் வேலை' என்கிற ரீதியில் கிண்டல் வந்தது. ஆனால், அந்தப் பெண்ணால் நிஜ நோயாளி சொல்லாததைச் சொல்ல முடிந்தது: இந்தப் பையன் என் முகத்தைப் பார்த்தானா, தொடும்முன் கேட்டானா, என்றெல்லாம். இன்று பல நாடுகளில் டாக்டர் தேர்விலேயே இப்படி நடிக்கும் நோயாளிகள் உண்டு.

இந்தியாவில் 2019-ல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். மாணவர்களிலிருந்து 'ஏட்காம்' என்ற பாடம் கட்டாயம். மனப்பான்மை, அறநெறி, பேசும் முறை மூன்றும் சேர்ந்தது. 'டாக்டராக இருப்பது என்றால் என்ன?' முதல் பாடத்தின் கேள்வி. அடுத்ததே, 'நோயாளியாக இருப்பது என்றால் என்ன?' நீட்டுக்காக ராத்திரி பகலாகச் சரியான விடையைத் தேர்ந்தெடுத்தே வந்த பிள்ளைக்கு, நான்கு ஆப்ஷன் இல்லாத கேள்வி. கொஞ்சம் திணறட்டும், நல்லதுதான்.

சிக்கல் வகுப்பில் இல்லை, வார்டில் இருக்கிறது. காலையில் 'பெயரைக் கேளுங்கள்' என்று படித்த மாணவி, மதியம் ரவுண்ட்ஸ் போகிறாள். கூட்டம் முட்டி மோதும் அரசு ஆஸ்பத்திரியில் சீனியருக்கு மூச்சுவிட நேரமில்லை. 'அந்த லிவர் கேஸ் எங்கே?' என்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு யாரும் இந்தப் பாடம் நடத்தவில்லை. ஆனால், மாணவி கற்றுக்கொள்வது அந்தக் குரலைத்தான். மேலை நாட்டுக் கல்வியாளர்கள் இதை 'மறைவான பாடத்திட்டம்' என்கிறார்கள். புத்தகத்தில் இருக்காது, மனசில் ஒட்டிக்கொள்ளும்.

அதனால் ஏட்காம் வகுப்புக்கு முதல் பெஞ்சில் சீனியர்களையும் உட்காரவைக்கலாம். பத்து மாணவர்கள் ஒரு கட்டிலைச் சூழ்ந்து நின்று, ஒருவர் பின் ஒருவராக வயிற்றை அழுத்திப் பார்க்கும்போது, 'அம்மா, இந்தப் பிள்ளைங்க படிக்கிறதுக்காகத் தொட்டுப் பாக்கட்டுமா? வலிச்சா சொல்லுங்க, நிறுத்திடுறோம்' என்று அவர் கேட்க ஐந்து விநாடி போதும். பத்து பேரும் அதைப் பார்த்திருப்பார்கள்.