பரு மாத்திரையும் முழங்கால் வலியும்

"பருவுக்குப் போடுகிற மாத்திரை மூட்டை என்ன பண்ணும்? கால்சியம் கம்மியா இருக்கும், இல்லேன்னா வாயு." வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இது. படித்தவர்களும் இதைத்தான் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்கிறார்கள்.

தோலுக்கான மருந்து தோலோடு நின்றுவிடும் என்ற எண்ணம், பூசுகிற களிம்புக்கு வேண்டுமானால் ஓரளவு பொருந்தும். விழுங்கிய மாத்திரை ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றுகிறது. 1982-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஐசோட்ரெட்டினோயின் என்ற பரு மாத்திரையின் பக்கவிளைவுகளில் முதுகுவலி, மூட்டுவலி, தசைவலி எல்லாம் உண்டு. பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அதை யார் பிரித்துப் படிக்கிறார்கள்?

"மாத்திரைதான் காரணம்னா முதல் வாரமே வலிச்சிருக்கணுமே?" கேட்க நியாயமாக இருக்கும் இந்த வாதம்தான் பலரைக் கவிழ்க்கிறது. பருவுக்குக் கொடுக்கும் மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கை மாதக்கணக்கில், சிலர் இரண்டு வருடம்கூட, எந்தத் தொந்தரவும் இல்லாமல் போட்டு வருவார்கள். அதன் பிறகுதான் ஆரம்பிக்கும். நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடம்பையே தாக்கத் தொடங்கும். மருந்தால் வரும் லூபஸ் என்பார்கள். காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்காது, பேஸ்ட் டியூபைப் பிதுக்க முடியாது, மணிக்கட்டு வீங்கும். அசதியும் லேசான காய்ச்சலும் சேரும். இளம்பெண்களிடம் இது அதிகம்.

"ஆர்.ஏ. ஃபாக்டர் நெகட்டிவ், ஒண்ணுமில்லை" என்று ரிப்போர்ட்டை நீட்டுவார்கள். அந்தச் சோதனை தேடுவது முடக்குவாதம் என்ற வேறு நோயை. இங்கே பார்க்க வேண்டியது ஏ.என்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை; கல்லீரல் சோதனையும் தேவைப்படும்.

மினோசைக்ளினை முடக்குவாதத்துக்கே கொடுத்துப் பார்த்தார்களே என்று விவரமறிந்தவர்கள் கேட்கலாம். உண்மைதான். 1990களில் அமெரிக்க ஆய்வுகளில் ஓரளவு பலனும் தெரிந்தது. ஒருவர் வலியைக் குறைத்த மருந்து இன்னொருவருக்கு வலியைக் கொடுக்கக் கூடாது என்று சட்டமா இருக்கிறது?

இதற்காக எல்லோரும் பயந்து மாத்திரையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மினோசைக்ளின் லூபஸ் அபூர்வம். ஐசோட்ரெட்டினோயின் வலி பெரும்பாலும் லேசானது. மருத்துவர் அளவைக் குறைத்தாலே பலருக்கு அடங்கிவிடும். மினோசைக்ளினால் வந்தது என்றால் நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தணியும், சிலருக்கு மாதங்கள் பிடிக்கும். மறுபடி அதையே போட்டால் வலி திரும்பி வரும், இந்தத் தடவை சீக்கிரமே.

சிக்கல் என்னவென்றால், "வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று எலும்பு மருத்துவர் கேட்கும்போது, "இல்லை டாக்டர்" என்றுதான் பதில் வருகிறது. பரு மாத்திரையை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆன்டிபயாடிக்கைப் பருவுக்கு மூன்று நான்கு மாதத்துக்கு மேல் நீட்ட வேண்டாம் என்பது இன்றைய தோல் மருத்துவ வழிகாட்டுதல். பழைய சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் வாங்குகிறவர்களுக்கு அதை யார் சொல்வது?