காட்டுக்குள்ள என்ன வேலை?

போன வருசம் பங்குனி மாசம் என்ர மகளுக்கு ஒரு கோடைகால வேலை கிடைத்தது. இடம், அல்பேர்ட்டாவில் உள்ள பான்ஃப் தேசியப் பூங்கா. மலைப்பாதைகளைத் திருத்துவது, விழுந்த மரங்களை வெட்டி அகற்றுவது, மரப்பாலங்களுக்குப் பலகை மாற்றுவது. அவள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் உயிரியல் படிக்கிறவள். நாலு மாதம், தங்குவதற்கு அறையும் தருவார்கள், வாடகையைச் சம்பளத்தில் கழிப்பார்கள். கடிதத்தைக் காட்டினபோது நான் கேட்ட முதல் கேள்வி: "பொம்பிளைப் பிள்ளைக்குக் காட்டுக்குள்ள என்ன வேலை?"

அவள் போகேல்ல. அந்தக் கோடை முழுக்க வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கோப்பிக் கடையில் நின்றாள். ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கூட உறுத்தியது.

ஏன் மறித்தேன்? கரடி, தனிமை, சனம் என்ன சொல்லும் என்பதெல்லாம் நான் சொன்ன சாட்டுகள். உண்மையில் எங்கட தலைமுறைக்குக் காடு என்றால் வேற. வன்னிக் காட்டுக்குள்ளால் இரவில் பிள்ளை குட்டிகளோடு நடந்த சனம் நாங்கள். மரத்தடியில் தறப்பாள் கட்டிப் படுத்தோம். அதையே இங்கே காசு கொடுத்துச் செய்கிறார்கள் என்பது இன்றைக்கும் எனக்கு முழுசாக விளங்கேல்ல. ஆனால் அந்தப் பயம் என்னுடையது. ஸ்காபரோவில் பிறந்த பிள்ளைக்கு அதை ஏன் சீதனமாகக் கொடுத்தேன்?

இத்தனைக்கும் ஒரு தேசியப் பூங்கா எங்கட வாசலிலேயே கிடக்கிறது. ஸ்காபரோ, மார்க்கம், பிக்கரிங் என்று நம்மவர் நெருக்கமாக வாழும் ஊர்களை ஒட்டி ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா. 2015 இல் சட்டம் வந்தது, கனடாவில் இந்த வகையில் முதலாவது. நுழைவுக் கட்டணம் கிடையாது. மிருகக்காட்சிச் சாலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினால் போதும். கோடையில் அங்கே போனால் தமிழ்க் குரல் கேட்காத நாள் இல்லை. ஆனால் சீருடை போட்ட பிள்ளைகளில் நம்மட பிள்ளையைக் காண்பது அரிது. இதற்கு அவர்களில் பிழை சொல்ல வரவில்லை. நாங்கள் விண்ணப்பித்தால்தானே!

பார்க்ஸ் கனடா ஒவ்வொரு வருடமும் உயர்பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களைக் கோடைக்கு எடுக்கிறது. எல்லாமே கோடாலி பிடிக்கிற வேலை இல்லை. வாசலில் அனுமதிச்சீட்டுக் கொடுப்பது, முகாம் இடங்களைப் பார்த்துக்கொள்வது, வருகிறவர்களுக்கு இடத்தின் கதை சொல்வது, தாவரங்களையும் மிருகங்களையும் கணக்கெடுப்பது, அலுவலக வேலை என்று பல விதம். பாடசாலையில் பிரெஞ்சு ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு அது இங்கே உதவும். ஜி2 லைசென்ஸும் முதலுதவிச் சான்றிதழும் கையில் இருந்தால் இன்னும் நல்லது.

ஒன்றைக் கவனியுங்கோ. பரீட்சை முடிந்து சித்திரை கடைசியில் தேடத் தொடங்கினால் பெரும்பாலும் பிந்திவிடும். பனி கொட்டுகிற மாதங்களிலேயே மத்திய அரசின் வேலைத் தளத்தைப் பார்க்கத் தொடங்க வேண்டும். விண்ணப்பத்தில் அவர்கள் கேட்கிற ஒவ்வொரு தகுதிக்கும் எங்கே, எப்போது, என்ன செய்தேன் என்று உதாரணத்தோடு எழுத வேண்டும். "நான் கடின உழைப்பாளி" என்று எழுதினால் தள்ளிவிடுவார்கள். கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்கு வரிசை ஒழுங்குபடுத்தினதும் அனுபவம்தான். நம்மட பிள்ளைகள் அதை எழுத வெட்கப்படுகிறார்கள். குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை என்பதால், படிப்பு விசாவில் வந்த பிள்ளைகள் நிபந்தனைகளை முதலில் வாசிப்பது நல்லது.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2024 ஆடியில் ஜாஸ்பர் ஊரில் காட்டுத்தீ வந்து மூன்றில் ஒரு பங்கு கட்டடங்கள் எரிந்துபோயின. தாய் தகப்பன் பயப்படுவது நியாயம். ஆனால் நெடுஞ்சாலை 401 இல் ஒவ்வொரு நாளும் பிள்ளையைத் தனியாகக் கார் ஓட்ட விடுகிறோமே, அப்போது இந்தப் பயம் எங்கே போகிறது?

இன்னொரு பெரியவர் என்னிடம், "பான்ஃபில ஒரு வீடு வாங்கிவிட்டால் பிள்ளை போய்வரலாம்தானே" என்றார். எங்கட ஆட்களுக்கு எதுவும் கடைசியில் வீட்டில்தான் போய் முடியும்! அங்கே அது சரிவராது. அந்த ஊரில் வேலையோ தொழிலோ இல்லாதவர் குடியிருக்க முடியாது என்பது விதி.

பழைய மாணவர் சங்கங்கள் வருடாவருடம் நடத்துகிற தொழில் வழிகாட்டல் கூட்டங்களில் டொக்டர், எஞ்சினியர், கணக்காளர், வங்கிக்காரர் வந்து பேசுகிறார்கள். அடுத்த முறை ஒரு பூங்காக் காவலரையும் கூப்பிடுங்கோ. அரை மணித்தியாலம் போதும்.

மகள் இந்த வருசமும் விண்ணப்பித்திருக்கிறாள், பான்ஃபுக்கும் ரூஜுக்கும். போன சனிக்கிழமை கணுக்கால் வரை வருகிற சப்பாத்து வாங்கக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தாய்க்காரி இன்னும் ஒரே கேள்வியில்தான் நிற்கிறா: "அங்க சோறு சமைக்க அடுப்பு இருக்குமோ?"