பூனைக்கு இளநீர் கொடுக்கிறவர்களுக்கு...

உங்கள் வீட்டுக் கடுவன் பூனை காலையிலிருந்து ஏழெட்டுத் தடவை மண் தொட்டியில் போய் உட்கார்ந்து முக்குகிறது. ஒன்றும் வரவில்லை. ‘மலச்சிக்கல்... விளக்கெண்ணெய் கொடு’ என்கிறார் மாமியார். ‘உடம்புச் சூடு, இளநீர் கொடுங்க’ என்கிறார் எதிர்வீட்டுக்காரர். ‘பூனைதானே, தானா சரியாயிடும்’ என்று சொல்லிவிட்டு நீங்கள் ஷிஃப்டுக்குக் கிளம்புகிறீர்கள். மூன்று பேருமாகச் சேர்ந்து அந்தப் பூனையைக் கொன்றுகொண்டிருக்கிறீர்கள் என்று சொன்னால் கோபப்படாதீர்கள்.

கடுவனின் மூத்திரக் குழாய் நுனியில் ஒரு மில்லிமீட்டர் அகலம்கூடக் கிடையாது. சிறுநீரில் சேரும் உப்புப் படிகமும் சளி மாதிரியான கசடும் அதை அடைத்துவிட்டால், வெளியே போக வேண்டியதெல்லாம் ரத்தத்திலேயே தங்கிவிடும். முக்கியமாக, பொட்டாசியம். அது ஏற ஏற இதயம் தடுமாறும். கடைசியில் நின்றே போகும். இதற்கெல்லாம் ஒன்றிரண்டு நாள் போதும்.

இளநீரில் தாராளமாக இருப்பது என்ன தெரியுமா? அதே பொட்டாசியம்! நமக்கு நீர்க்கடுப்பு வந்தால் குடிக்கிற அருமையான சமாச்சாரம், அடைப்பு விழுந்த பூனைக்கு எரிகிற வீட்டில் ஊற்றும் எண்ணெய். பாரசிடமால் இன்னும் மோசம். பூனையின் ஈரலுக்கு அதைச் சமாளிக்கத் தெரியாது. ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும். வயிற்றை அமுக்கி மூத்திரத்தை வரவழைக்கும் வீரர்களும் இருக்கிறார்கள். பை உள்ளேயே கிழிந்துவிடும், சார்.

அடிக்கடி போய் உட்காரும், சொட்டுச் சொட்டாக வரும் அல்லது வரவே வராது. கத்தும். பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருக்கும். வழக்கமில்லாமல் பாத்ரூம் தரையிலும் துணி மூட்டையிலும் போய் உட்காரும். (உடனே விளக்குமாற்றை எடுக்காதீர்கள், அது திமிர் அல்ல.) சாப்பிடாமல், வாந்தியெடுத்து, சோர்ந்து படுத்துவிட்டால் நேரம் மிகக் குறைவு என்று அர்த்தம். பெட்டைக்கு அடைப்பு அபூர்வம். ஆனால் முக்கினாலோ ரத்தம் தெரிந்தாலோ அதற்கும் டாக்டர் வேண்டும்.

இனி அரசாங்கத்திடம் ஒரு கேள்வி.

2019-ல் நடந்த 20-வது கால்நடைக் கணக்கெடுப்பில் மாடு, ஆடு, பன்றி, நாய், முயல் எல்லாம் உண்டு. யானைகூட உண்டு. பூனை இல்லை! எண்ணாத பிராணிக்கு எப்படித் திட்டம் போடுவீர்கள்? கும்மிடிப்பூண்டியிலிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 40 கிலோமீட்டருக்கு மேல். திருவள்ளூர்க்காரருக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். சிப்காட்டில் இரும்பு உருக்கும் தொழிலாளி, கம்பிக்கூடையில் பூனையை வைத்துக்கொண்டு ஞாயிறு ராத்திரி எங்கே போவார்? வேலைக்கு மூன்று ஷிஃப்ட் வைத்த ஊரில் வைத்தியத்துக்கு ஒரு ஷிஃப்ட் போதுமா? ‘மனுஷனுக்கே வழியில்லை, பூனைக்கா?’ என்று கேட்கிறவர்களைத் தெரியும். பூனையைக் கைவிட்டதால் எந்த மனுஷன் பிழைத்தான் என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

நம் பங்கும் இருக்கிறது. பூனையின் பூர்விகம் பாலைவனம். தாகம் அதற்குக் குறைவு, இரையிலிருந்தே தண்ணீரை எடுத்துக்கொள்ளும். மீனில் முக்கால் பங்கு தண்ணீர். பாக்கெட்டில் வரும் காய்ந்த உருண்டைத் தீனியிலோ பத்தில் ஒரு பங்குதான். டி.வி. விளம்பரம் பார்த்து அதை மட்டுமே போட்டு, மூலையில் ஒரு அழுக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் போதுமா? முள் நீக்கி வேகவைத்த மீனை, உப்புப் போடாமல், அந்தத் தண்ணீரோடு கொடுங்கள். நாலு இடத்தில் கிண்ணம் வையுங்கள். வீடு மாறினால், புதுப் பூனை வந்தால், பயத்திலேயே நீர்ப்பை வீங்குகிற ஜாதி அது. ஒதுங்க ஒரு அட்டைப்பெட்டியாவது கொடுங்கள்.

திருவள்ளூர் மாவட்டத்தில் இன்றிரவு எந்தக் கால்நடை டாக்டர் டியூட்டியில் இருக்கிறார் என்று ஒரு போர்டு, அதில் ஒரு போன் நம்பர். கேட்பது அவ்வளவுதான். அது வருகிறவரை காத்திருக்காமல், பூனைக்குக் குழாய் போட்டு அடைப்பெடுக்கத் தெரிந்த டாக்டர் பக்கத்தில் யார், ராத்திரியில் பார்ப்பாரா என்று இன்றைக்கே விசாரித்து, நம்பரை மண் தொட்டிக்கு மேலே சுவரில் எழுதி வையுங்கள்.