எண்ணாமல் விட்ட எரிவெள்ளிகள்

வானத்திலிருந்து இறங்கும் வெளிச்சத்தை எங்களைப்போல் உற்றுப் பார்த்தவர்கள் குறைவு. போரில் இரவை வெளிச்சமாக்க ஏவிய பரா லைற் எந்தப் பக்கம் இறங்குகிறது, எவ்வளவு நேரம் எரியும் என்று பதுங்குகுழி வாசலில் நின்று சின்னப் பிள்ளைகள்கூடக் கணக்குச் சொன்ன காலம் அது. அதே கண்களால் நாங்கள் எரிவெள்ளிகளை எண்ணவில்லை. 2001 நவம்பர் 18 நள்ளிரவை ஒட்டி, சிம்ம விண்கல் பொழிவு ஆசிய வானில் மணிக்கு ஆயிரக்கணக்கில் கொட்டியது. வன்னியில் மின்சாரமில்லாத இருட்டு. எங்கள் ஊரான இலுப்பைக்கடவையில் அந்த இரவைப் பற்றி ஒரு கொப்பித் தாள்கூட இல்லை. போர்க்காலம் என்று அதைப் பொறுக்கலாம். போர் முடிந்த 2009க்குப் பிறகு அந்தச் சாட்டு செல்லாது.

டிசம்பரில் வரும் மிதுனப் பொழிவை மாரி மேகம் மறைத்துவிடும், உண்மைதான். ஆனால் ஆகஸ்ட் 12, 13இல் உச்சம் தொடும் பெர்சீயஸ் பொழிவு சோளகக் காலத்தில் வருகிறது. மன்னாரில் மழையில்லாத நாட்கள். 15ஆம் திகதி மடு மாதா திருவிழாவுக்காக மடுக் காட்டில் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்துப் படுப்பதும் அதே இரவுகளில்தான். செபமாலை முடித்து அண்ணாந்து கிடக்கும் எங்களுக்கு மேலே, சுவிஃப்ட்-டட்டில் வால்வெள்ளி விட்டுப்போன தூசி வினாடிக்கு 59 கிலோமீற்றர் வேகத்தில் வந்து எரிகிறது. "அங்கை பார், வெள்ளி விழுகுது" என்று ஒருவர் சொல்லி மற்றவர் திரும்பமுன் அது போய்விடும். அதோடு விட்டுவிடுவோம்.

பின்னிரவில் நாங்கள் இருக்கும் பக்கம் பூமி ஓடும் திசைக்கு நேரே திரும்புவதால் எண்ணிக்கை கூடும். கடற்றொழிலுக்குப் போகிறவர்கள் வள்ளத்தில் நிற்கும் நேரம் அது. எங்கள் எல்லோரையும்விட அவர்களே அதிகம் கண்டவர்கள். அவர்களிடம் நாங்கள் கேட்டதில்லை. விண்கல் பாடம் படிப்பித்தோம், பிள்ளைகளை ஒரு இரவாவது கடற்கரைக்குக் கூட்டிப்போகவில்லை. தொலைநோக்கி இல்லை என்றோம். இதற்கு அது தேவையே இல்லை. வானத்தின் சிறு துண்டைத்தான் அது காட்டும்.

எண்ணுவதற்கு, மல்லாந்து படுத்து அரை மணித்தியாலம் கண்ணை இருட்டுக்குப் பழக்க வேண்டும். டோர்ச்சுக்குச் சிவப்புக் கடதாசி சுற்ற வேண்டும். தொடங்கிய நேரம், மேகத்தின் அளவு, கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான வெள்ளி ஆகியவற்றைக் குறித்துவிட்டு, விழும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. அதன் பாதையைப் பின்னோக்கி நீட்டும்போது பெர்சீயஸ் விண்மீன் கூட்டத்துக்குப் போகாவிட்டால் வேறாக எழுத வேண்டும். பக்கத்திலிருப்பவர் கண்டதைச் சேர்க்கக் கூடாது. ஒன்றும் விழாத கால் மணித்தியாலத்துக்கும் பூச்சியம் போட வேண்டும். 1988இல் தொடங்கிய சர்வதேச விண்கல் அமைப்பு உலகெங்குமுள்ள ஆர்வலர்களிடம் இத்தகைய கணக்குகளைத்தான் சேர்க்கிறது.

வெறும் பொழுதுபோக்கு என்று நினைத்ததே எங்கள் பெரிய குறை. 1872 நவம்பர் 27இல் ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான எரிவெள்ளிகளை எண்ணினார்கள். உடைந்துபோன பியலா வால்வெள்ளியின் தூசி அது. ஜெர்மனியிலிருந்து வானியலாளர் கிளிங்கர்ஃபியூஸ் சென்னை வானாய்வகத்துக்குத் தந்தி அடித்து அந்த வால்வெள்ளியைத் தென்வானில் தேடச் சொன்னார். டிசம்பர் தொடக்கத்தில் சென்னை வானியலாளர் போக்சன் ஒரு வால்வெள்ளியைக் கண்டார். அது பியலாதானா என்ற வாதம் பிறகும் நீண்டது. வெறுங்கண்ணால் பார்த்தவர்களின் கணக்கு கடல் தாண்டிச் சென்னை வரை வேலை செய்தது.

2026 ஆகஸ்ட் 12 அமாவாசை. வீட்டுக்கு வீடு எல்ஈடி பல்ப் வந்து இருட்டு குறைந்தாலும் கடற்கரைப் பக்கம் இன்னும் மிச்சமிருக்கிறது. மடுவுக்குப் போகிறவர்கள் கொப்பியும் பென்சிலும் கொண்டுபோகட்டும். ஊரில் நிற்பவர்கள் விடியப்புறம் இரண்டு மணிக்கு வாடிப் பக்கம் வாருங்கள். கடலால் வருகிறவர்கள் கண்டதை முதலில் எழுதுவோம்.