'ஷல்'லும் 'மே'யும் நடத்தும் ஆட்சி

ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணத்தை உருப்போட்டவர்களுக்கு இந்த விதி மறக்காது: 'ஐ', 'வீ' இரண்டுக்கும் 'ஷல்', மற்றவர்களுக்கு 'வில்'. மாற்றிப் போட்டால் அர்த்தம் புரளும். 'ஹி வில் கோ' என்றால் அவன் போவான். 'ஹி ஷல் கோ' என்றால் போயே தீர வேண்டும். பேச்சில் இந்த வித்தியாசம் ஏறக்குறைய செத்துவிட்டது. சட்டப் புத்தகத்தில் மட்டும் நல்ல ஆரோக்கியத்துடன் இருக்கிறது.

அமைச்சரவையின் ஆலோசனைப்படியே ஜனாதிபதி நடக்க வேண்டும் என்று 1976-ல் 42-வது திருத்தம் 74-வது பிரிவில் ஒரு 'ஷல்'லைச் செருகியது. 1978-ல் ஜனதா ஆட்சியின் 44-வது திருத்தம் ஒரு 'மே'யைச் சேர்த்தது: ஒருமுறை திருப்பி அனுப்பலாம், மறுபடி வந்தால் 'ஷல்'தான். 1997 அக்டோபரில் கே.ஆர். நாராயணன் கையில் எடுத்தது இந்த 'மே'யைத்தான். உத்தரப் பிரதேசத்தில் ஜனாதிபதி ஆட்சி கோரும் பரிந்துரையைத் திருப்பி அனுப்பினார். குஜ்ரால் அமைச்சரவை வற்புறுத்தவில்லை. கல்யாண் சிங்கின் நாற்காலி தப்பியது.

'கன்சல்டேஷன்' விவகாரம் இன்னும் சிக்கல். அது கலந்து பேசுவது. 'கன்கரன்ஸ்' என்பது சம்மதம். தாய்மாமனிடம் கல்யாணத் தேதி பற்றி ஒரு வார்த்தை கேட்பது வேறு, மாமன் தலையசைத்தால்தான் கல்யாணம் என்பது வேறு. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நியமனத்தில் தலைமை நீதிபதியைக் கலந்துகொள்ள வேண்டும் என்றுதான் 124-வது பிரிவு சொல்கிறது. 1949 மே 24 அன்று அரசியல் நிர்ணய சபையில் சென்னை உறுப்பினர் பி. போக்கர் சாஹிப், 'கன்கரன்ஸ்' வேண்டும் என்று கேட்டார். தலைமை நீதிபதியும் குறைபாடுகள் உள்ள மனிதர்தான், அவருக்கு வீட்டோ தருவது ஆபத்து என்று அம்பேத்கர் மறுத்துவிட்டார்.

1981-ல் உச்ச நீதிமன்றமும், கலந்து பேசுவது சம்மதம் ஆகாது என்றே சொன்னது. பன்னிரண்டு வருடம் கழித்து, 1993-ல், ஒன்பது நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மைத் தீர்ப்பு தலைமை நீதிபதியின் கருத்துக்கே முதலிடம் என்றது. சாசனத்தில் அந்தச் சொல் அப்படியேதான் இருந்தது. அதிகாரம்தான் இடம் மாறியது. 1998-ல் தலைமை நீதிபதியுடன் மூத்த நீதிபதிகள் நால்வரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்றானது. அதுதான் இன்றைய கொலீஜியம்.

நாடாளுமன்றம் 99-வது திருத்தத்தில் அந்தச் சொல்லையே தூக்கிவிட்டு, நியமன ஆணையத்தின் 'ரெகமண்டேஷன்' என்று எழுதிப் பார்த்தது. 2015 அக்டோபரில் நீதிமன்றம் திருத்தத்தை ரத்து செய்தது. பழைய 'கன்சல்டேஷன்' திரும்பி வந்தது, 1993-ல் பெற்ற அர்த்தத்துடன்.