செவிலியரின் தயக்கம் குறையா?

“மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்” என்று தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலியர் கூறினால், வெளியே காத்திருக்கும் உறவினர்க்குச் சினம் வருகிறது. “இதுகூடத் தெரியாதா?” என்று கேட்டும் விடுகிறோம். அந்தத் தயக்கம் உள்ளே படுத்திருப்பவருக்குக் காவல் என்பதே என் கருத்து.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், 2001ஆம் ஆண்டு பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்னும் மருத்துவர் ஒரு சிறு பட்டியலை எழுதினார். நோயாளியின் பெரிய இரத்த நாளத்தில் குழாய் செலுத்தும்போது செய்ய வேண்டியவை அதில் இருந்தன: சோப்பிட்டுக் கை கழுவுதல், தோலைக் கிருமிநாசினியால் துடைத்தல், நோயாளியின் உடல் முழுவதையும் தூய துணியால் மூடுதல், மருத்துவர் முகமூடியும் கையுறையும் மேலங்கியும் அணிதல், குழாய் நுழைந்த இடத்தில் தூய கட்டுப் போடுதல். மருத்துவர் எவரும் அறியாதது இதில் ஒன்றுமில்லை. ஆயினும் ஒரு மாதம் செவிலியர்களைக் கவனித்துக் குறிக்கச் சொன்னபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான நோயாளிகளுக்கு ஏதேனும் ஒரு படி விடுபட்டிருந்தது.

செவிலியரின் கண்ணெதிரே நடந்தவைதாம் இவை. ஆனால், தான் பார்த்தது சரிதானா, மூத்த மருத்துவரிடம் அதைச் சொல்வது தன் வேலையா என்ற ஐயம் எழும்போது வாய் திறப்பது எளிதன்று. அடுத்து நிர்வாகம் ஓர் ஆணையிட்டது: படி தவறினால் செவிலியர் மருத்துவரைத் தடுத்து நிறுத்தலாம். 11 விழுக்காடாக இருந்த குழாய்வழித் தொற்று ஓராண்டில் பூஜ்யமாயிற்று. பின்னர் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகள் இதே வழியில் சென்றன. அங்கும் தொற்று பெருமளவு குறைந்ததை 2006இல் வெளியான ஆய்வு காட்டியது.

பட்டியலே இதைச் சாதித்தது என்று பலர் எழுதுகின்றனர். எனக்கு அதில் உடன்பாடில்லை. தாளில் எழுதியதை எவரும் ஒதுக்கிவிடலாம். “நிறுத்துங்கள்” என்று சொல்ல ஒருவருக்கு உரிமை இருந்ததுதான் வேறுபாடு. (இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம்மிடம் கேட்கப்பட்ட பல கேள்விகளுக்கு “அறியேன்” என்றே விடையளித்ததை மத்ரஸாவில் பெருமையுடன் கற்பிக்கிறோம். செவிலியர் அதையே சொன்னால் மட்டும் திறமைக்குறைவு என்கிறோம்.)

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2017இல் டென்னசி மாநிலத்தில், தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர் ஒருவர் பதற்றம் தணிக்கும் மருந்துக்குப் பதிலாகத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தைச் செலுத்திவிட்டார். நோயாளி இறந்தார். செவிலியர் தம் பிழையைத் தாமே ஒப்புக்கொண்டார். 2022இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்து, 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தது. இனிப் பிழையை நேர்மையாகச் சொல்ல எவர் முன்வருவார் என்று அமெரிக்கச் செவிலியர் சங்கம் கவலை தெரிவித்தது.

நோயாளியின் உயிர் அமானிதம். பொறுப்பு கேட்கப்படவே வேண்டும். ஆனால் அவருடைய பணி உரிமம் 2021லேயே பறிக்கப்பட்டிருந்தது. அதற்கு மேல் குற்றவியல் தண்டனை தேவையற்றது என்றே கருதுகிறேன்.